ஆறு படியில் ஒரு வயல்: டிஜிட்டல் ஓவியத்துக்குக் கலர் ரேம்ப் செய்வது எப்படி

தெரிந்த வீட்டுத் தங்கச்சி ஒருத்தி தன் டேப்பில் வரைந்த படமொன்றைக் காட்ட வந்தாள். மட்டக்களப்பின் படுவான்கரை வயல், வரப்பில் ஒரு கொக்கு, தூரத்தில் நாலு பனை. கோடுகள் எல்லாம் வடிவு. நாற்றுக்கு நல்ல பச்சை ஒன்றைத் தேர்ந்து, நிழலுக்கு அதே பச்சையோடு கறுப்பையும் வெயில் படும் இடத்துக்கு அதே பச்சையோடு வெள்ளையையும் சேர்த்திருந்தாள். "அண்ணா, எல்லாம் சரியாத்தான் செய்தன். பிறகேன் வயல் போட்டோக் கொப்பி அடிச்ச மாதிரி இருக்கு?" என்று கேட்டாள்.

அவளுக்கு அன்று வாயால் சொன்னதைத்தான் இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். போனில் ஐபிஸ் பெயின்ட் வைத்திருப்பவர்களும் லப்டொப்பில் கிரிட்டா, ஜிம்ப், ஏஸ்பிரைட் பாவிப்பவர்களும் இதைப் பின்பற்றலாம். பணம் கட்டி எதையும் வாங்கத் தேவையில்லை. கிரிட்டாவும் ஜிம்பும் இலவசம்.

ரேம்ப் என்றால் ஒரு பொருளின் நிறம் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு ஏறிப்போகும் படிக்கட்டு. நாற்றுக்கு ஒன்று, தோலுக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று. இப்படி நாலைந்து படிக்கட்டுகள் சேர்ந்தால் அது பேலட். படிக்கட்டு ஒழுங்காக இருந்தால் வரையும்போது "நிழலுக்கு என்ன நிறம்" என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு படி இறங்கினால் போதும்.

மூன்று எண்கள், அவற்றில் ஒன்று பொய் சொல்லும்

எந்தச் செயலியிலும் நிறத்தைத் தேரும் இடத்தில் மூன்று இழுவைக் கோடுகள் இருக்கும். ஹியூ என்பது நிறத்தின் இனம்: 0 முதல் 360 வரை ஒரு வட்டம். 0 சிவப்பு, 60 மஞ்சள், 120 பச்சை, 180 நீலப்பச்சை, 240 நீலம், 300 மெஜந்தா, பிறகு திரும்பவும் சிவப்பு. சாச்சுரேஷன் என்பது செறிவு: 0 என்றால் சாம்பல், 100 என்றால் அந்த நிறத்தின் உச்சம். மூன்றாவது வேல்யூ, அதுவும் 0 முதல் 100 வரை. சில செயலிகள் பிரைட்னஸ் என்று எழுதும். இந்தக் கட்டுரையில் நிறங்களை ஹியூ, செறிவு, வேல்யூ என்ற வரிசையில்தான் தருகிறேன்.

பொய் சொல்வது வேல்யூ. வேல்யூ 100 என்று இருக்கும் மஞ்சளையும் வேல்யூ 100 என்று இருக்கும் நீலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண் ஒன்றுதான், ஆனால் மஞ்சள் கண்ணைக் கூசும், நீலம் இருண்டு கிடக்கும். இந்த முறையை 1978 இல் அல்வி ரே ஸ்மித் எழுதியபோது நோக்கம் கணினியில் நிறத்தைச் சுலபமாகத் தேர வழி செய்வது. கண் வெளிச்சத்தை எப்படி உணர்கிறது என்று அளப்பதல்ல. கண்ணை ஒட்டி அளக்க 1976 இலேயே சியலாப் என்ற முறை வந்துவிட்டது. அதில் எல் என்ற எண் உண்டு: கறுப்பு 0, வெள்ளை 100. மேலே சொன்ன மஞ்சளின் எல் 97, நீலத்தின் எல் 32. இரண்டுக்கும் இடையில் 65 வித்தியாசம், வேல்யூவில் ஒன்றுமே இல்லை!

காரணம் நம் கண்தான். திரையிலுள்ள சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் மூன்றும் முழு வேகத்தில் எரியும்போது நாம் உணரும் வெளிச்சத்தில் பச்சையின் பங்கு ஏறத்தாழ 72 வீதம், சிவப்பின் பங்கு 21, நீலத்துக்கு வெறும் 7. அதனால் ஹியூவை மட்டும் நகர்த்தினாலும் வெளிச்சம் கூடிக் குறையும். ரேம்ப் செய்வதில் வருகிற சிக்கல்களில் பாதி இங்கிருந்துதான் வருகிறது, இதை மனதில் வைத்திருங்கள்.

எத்தனை படி என்று கேட்பார்கள். பிக்ஸல் ஓவியத்துக்கு 4 அல்லது 5, தூரிகையால் வரையும் படத்துக்கு 6 அல்லது 7. அதற்கு மேல் போனால் பக்கத்துப் படிகள் ஒன்றோடொன்று குழம்பும். நான் எப்போதும் 6 இல் தொடங்குகிறேன்.

வெளிச்சம் எந்தக் கரையில்

நிறம் தேர முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: படத்தில் சூரியன் எங்கே நிற்கிறது?

மட்டக்களப்பாருக்கு இது சுலபம். வாவிக்குக் கிழக்கே உள்ள கரையை எழுவான்கரை என்றும் மேற்கே உள்ளதைப் படுவான்கரை என்றும் ஊர்ப் பெயராகவே வைத்திருக்கிறோம். காலையில் கல்லடிக் கடற்கரையில் நின்றால் வெயில் கடலிலிருந்து முகத்தில் அடிக்கும். பின்னேரம் பாலத்தில் நின்றால் வாவிக்கு அப்பால் மேற்கில் விழும். இரண்டு நேரமும் வெயில் சாய்ந்து வருவதால் அதன் நிறம் மஞ்சளும் செம்மஞ்சளுமாக இருக்கும். ஆனால் நிழலுக்குள் அந்த வெயில் போவதில்லை. அங்கே வெளிச்சம் தருவது திறந்த வானம், அதன் நிறம் நீலம். ஆகவே ஒரே இலையின் வெயில் பக்கம் மஞ்சளை நோக்கியும் நிழல் பக்கம் நீலத்தை நோக்கியும் சாயும். கறுப்பு எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா? தங்கச்சியின் வயல் செத்துப்போனது கறுப்பைச் சேர்த்ததால்தான்.

உச்சி வெயிலில் இந்தச் சாய்வு குறைவு, ஹியூவைக் கொஞ்சமாகத் திருப்பினால் போதும். மாரிகாலத்தில் கதை தலைகீழ். கார்த்திகை, மார்கழியில் வானம் மூடிக் கிடக்கும்போது வெளிச்சமே குளிர்ந்த சாம்பல் நீலம். அப்போது மேல்படிகளைக் குளிராகவும் நிழல்படிகளைச் சற்றுச் சூடாகவும் வைத்தால்தான் மழைநாள் மழைநாளாகத் தெரியும். இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பெரும்பாலும் "நிழல் என்றால் நீலம்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போவார்கள். அது வெயில்நாளுக்கான விதி மட்டுமே.

பச்சையைப் படி படியாக ஏற்றுவது

இப்போது வயல். நேரம் பின்னேரம் ஐந்து மணி, வெயில் படுவான்கரைப் பக்கத்திலிருந்து.

முதலில் நடுநிறத்தை வையுங்கள். வெயிலும் இல்லாத, நிழலும் இல்லாத இடத்தில் நாற்று என்ன நிறம்? நான் எடுத்தது 100, 60, 66. சுத்தமான பச்சையான 120 இல் வைத்தால் செயற்கைப் புல் போலிருக்கும். உயிருள்ள இலையில் மஞ்சள் சாயல் எப்போதும் உண்டு.

அடுத்தது இரண்டு முனைகள். மிக இருண்ட படியை நீலப்பக்கம் தள்ளி 190, 55, 22 என்று வைத்தேன். மிக வெளிச்சமான படியை மஞ்சள் பக்கம் கொண்டுபோய் 56, 40, 95. முனைகளைத் தனியாகப் பார்த்தால் பச்சை என்றே சொல்ல மாட்டீர்கள். ஒன்று ஆழ்கடல் நீலம், மற்றது பழுத்த எலுமிச்சை. பயப்பட வேண்டாம். நடுவிலுள்ள நாலும் பச்சையாக இருந்தால் கண் ஆறையும் பச்சை என்றே படித்துக்கொள்ளும்.

முனைகளைச் சோம்பலாகச் செய்தால் என்ன ஆகும் என்றும் பார்க்கலாம். ஹியூவையும் செறிவையும் தொடாமல் வேல்யூவை மட்டும் 100 க்கு ஏற்றினால் சிவப்பு 153, பச்சை 255, நீலம் 102 என்ற நிறம் வரும். அது நாற்று இல்லை, பிளாஸ்டிக் வாளி.

இனி இடைப்படிகள். ஹியூ 190 இலிருந்து 56 க்கு வரவேண்டும், மொத்தம் 134 பாகை, அதை ஐந்து இடைவெளிகளுக்குப் பிரித்தால் தலைக்கு ஏறத்தாழ 27. ஆனால் அப்படிச் சமமாகப் பிரிக்காதீர்கள். இருட்டிலும் பச்சைக்குள்ளும் 30 பாகை நகர்ந்தாலும் கண் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. மஞ்சள் பக்கம் 10 பாகை நகர்ந்தாலே கண்டுபிடித்துவிடும். ஆகவே கீழே எட்டி வைத்து, மேலே போகப் போகக் காலைச் சுருக்குங்கள். செறிவு நடுவில் கூடியும் முனைகளில் குறைந்தும் இருக்கட்டும், அதிலும் மேல்முனையில் நன்றாகக் குறையட்டும். எனக்கு வந்தது இது:

முதற்படி: 190, 55, 22
இரண்டு: 160, 60, 36
மூன்று: 128, 58, 50
நாலு: 100, 60, 66
ஐந்து: 76, 58, 82
ஆறு: 56, 40, 95

இது முதல் தடவையிலேயே வந்துவிடவில்லை. ஐந்தாம் படிக்கு நான் முதலில் வைத்த ஹியூ 60. செறிவும் வேல்யூவும் இதே எண்கள்தான். வரைந்து பார்த்தபோது நாற்றின் மேல்பகுதி தட்டையாகத் தெரிந்தது, ஏனென்று பிடிபடவில்லை. எல் எண்ணை எடுத்துப் பார்த்தேன். நாலாம் படி 63, ஐந்தாம் படி 82, ஆறாம் படி 92. அதாவது நாலிலிருந்து ஐந்துக்கு 19 தாண்டுகிறது, ஐந்திலிருந்து ஆறுக்கு 10 தான். ஐந்தும் ஆறும் ஒட்டிக்கொண்டு ஒரே படியாகிவிட்டன. ஹியூவை 76 க்குத் திருப்பியதும் ஐந்தின் எல் 79 க்கு இறங்கியது. வேல்யூவில் நான் கையே வைக்கவில்லை.

கடைசியில் ஆறு படிகளின் எல் எண்கள் கீழிருந்து மேலாக 19, 35, 48, 63, 79, 92. இடைவெளி 13 க்கும் 16 க்கும் இடையில். கண்ணுக்கு இது போதுமான சமம். அச்சடித்த மாதிரிச் சரிசமமாக வரவேண்டும் என்று மினக்கெட்டால் படம் வரைய நேரம் இருக்காது.

சாம்பல் சோதனை

எல் எண்ணை எங்கே பார்ப்பது? ஜிம்பில் நிறம் தேரும் பெட்டியில் எல்சிஎச் என்ற பிரிவு உண்டு, அதன் முதல் எண் இதுதான். போனில் வரைபவர்களுக்கு வேறு வழி. ஆறு படிகளையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டங்களாகத் தீட்டுங்கள், நடுவில் இடைவெளி விடாமல். அதற்கு மேலே புதிய லேயர் ஒன்று போட்டு முழுக்கக் கறுப்பால் நிரப்புங்கள். அந்த லேயரின் பிளெண்ட் மோடைக் கலர் என்று மாற்றுங்கள். கீழே உள்ளதெல்லாம் சாம்பலாகும். எண்ணால் அளந்தால் எல் எண்ணிலிருந்து கொஞ்சம் விலகித்தான் இருக்கும், ஆனாலும் ஒட்டிக்கொண்ட படிகளைக் காட்டிக்கொடுக்க இதுவே போதும்.

ஒரு எச்சரிக்கை. செறிவு இழுவையை 0 க்குக் கொண்டுபோய் சாம்பலாக்கிப் பார்க்காதீர்கள். பல செயலிகளில் அது கண்ணின் கணக்கைப் பார்க்காது. மஞ்சளையும் நீலத்தையும் ஒரே சாம்பலாக்கிவிடும். முன்னே சொன்ன அதே பொய்.

சாம்பலில் பார்க்கும்போது கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். இரண்டு கட்டங்களுக்கு நடுவிலுள்ள எல்லைக்கோடு எங்கே மறைகிறதோ அங்கே படி குறைவு. எங்கே வெட்டிக்கொண்டு தெரிகிறதோ அங்கே படி உயரம். மறைந்த இடத்தில் வேல்யூவை இரண்டு மூன்று புள்ளி நகர்த்துங்கள். லேயரை அணைத்து நிறத்தைப் பாருங்கள், திரும்பவும் போடுங்கள். நாலைந்து சுற்றில் சரிவரும்.

மருதமுனையில் ஒரு நூல்

நிறத்தைத் தனியே பார்ப்பதில் உள்ள ஏமாற்றத்தை எனக்குக் காட்டியது கணினி அல்ல. அம்பாறை மாவட்டத்தில் மருதமுனை கைத்தறிக்குப் பேர்போன ஊர். அங்கே ஒரு தறிக் கொட்டிலில் சேலை பார்க்கப் போயிருந்தேன். கரையில் பச்சை நூல் ஓடியது, அதே சேலையின் முந்தானையில் சற்று மங்கலான பச்சை. இரண்டும் வேறு நூல் என்று நினைத்து நெய்தவரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு கண்டிலிருந்து நூலை இழுத்துக் காட்டினார்.

"ஒரே நூல்தான் தம்பி. கரையில பக்கத்துல சிவப்பு ஓடுது, அதால எடுப்பாத் தெரியுது. மத்தப் பக்கம் மஞ்சள்."

"அப்ப நிறம் எப்பிடித் தெரிவு செய்யிறீங்க, காக்கா?"

"நூலைத் தனியாப் பார்த்து எடுக்கிறதில்ல. பாவுக்கு மேல வச்சு, வாசல் வெளிச்சத்துல கொண்டுபோய்த்தான் பார்க்கிறது."

இந்த விசயத்தில் பெயர் போனவர் பாரிசில் கோப்லன் நெசவுக்கூடத்தின் சாயப்பகுதிக்குப் பொறுப்பாக இருந்த ஷெவ்ரோல். கறுப்புச் சாயம் மங்குகிறது என்று வந்த முறைப்பாட்டைத் தேடிப்போனவருக்குத் தெரிந்தது, சாயத்தில் குறையில்லை, பக்கத்து நூலின் நிறம்தான் கண்ணை ஏய்க்கிறது என்று. 1839 இல் அதைப் பெரிய நூலாகவே எழுதி வைத்தார். தறிக்கு முன்னால் இருப்பவர்களுக்கு இது நாளாந்த அறிவு.

நமக்கு இதிலிருந்து வேலைக்கு ஆகும் விசயம்: ரேம்பை வெள்ளைப் பின்னணியில் வைத்துச் செய்யாதீர்கள். வெள்ளைக்குப் பக்கத்தில் எல்லா நிறமும் இருட்டாகத் தெரியும், நீங்கள் பயந்துபோய் எல்லாவற்றையும் வெளிறச் செய்வீர்கள். கான்வாஸை நடுச்சாம்பலாக, வேல்யூ 47 போல நிரப்பிவிட்டுத் தொடங்குங்கள். செய்து முடிந்ததும் உருண்டை ஒன்றைத் தீட்டிப் பாருங்கள், பிறகு படத்தின் மற்ற ரேம்புகளுக்குப் பக்கத்தில் வைத்தும் பாருங்கள். தனியாக அழகாக இருந்த படி கூட்டத்தில் கத்தும். கத்தினால் செறிவை இறக்குங்கள்.

தோல்

நம் ஆட்களை வரையும்போது அதிகம் பிழை வரும் இடம் இது. ஆயத்தமாகக் கிடைக்கும் தோல் பேலட்டுகளில் பல இளஞ்சிவப்புத் தோலுக்குச் செய்தவை. அதையே எடுத்து இருட்டாக்கினால் கரி பூசிய முகம் வரும். மண்ணிறம் என்று தனியாக ஒரு ஹியூ கிடையாது. அது வேல்யூ இறங்கிய செம்மஞ்சள். வட்டத்தில் 14 க்கும் 30 க்கும் இடையில் தேடுங்கள்.

வெயிலில் தோணி வலிக்கும் ஒருவரின் கைக்கு நான் பாவிப்பது, இருட்டிலிருந்து: 345, 48, 22; பிறகு 4, 55, 36; 14, 58, 50; 22, 55, 65; 29, 44, 82; 38, 26, 95. நிழல் நீலத்துக்குப் போகாமல் சிவப்பைத் தாண்டி ஊதாப் பக்கம் திரும்புவதைப் பாருங்கள். செம்மஞ்சளிலிருந்து நீலத்துக்குப் பச்சை வழியாகப் போனால் தோலில் பாசி பிடித்த மாதிரி இருக்கும், அதனால் வட்டத்தில் மற்றப் பக்கமாகச் சுற்றுகிறோம். மாநிறம், கறுப்பு என்று ஆளுக்கு ஆள் மாறும். கறுத்த தோலுக்குக் கீழ்நாலு படிகளையே பெரிதும் பாவித்து, மேல் இரண்டையும் வியர்வை மினுங்கும் இடத்துக்கு மட்டும் வையுங்கள். அந்த மினுக்கம் தோலின் நிறமே இல்லை, வானம் தோலில் தெரிவது. திறந்த வெளியில் என்றால் 210, 12, 92 போல ஒரு சொட்டு நீலச்சாம்பலை வைத்துப் பாருங்கள், கை சட்டென்று ஈரமாகும்.

இரும்பு, பித்தளை மாதிரியான பொருட்களுக்கு இடைவெளியைப் பெரிதாக்குங்கள். துணிக்குச் சிறிதாக்குங்கள். அவ்வளவுதான், அதில் பெரிய வித்தை இல்லை.

பின்னேர வாவி, அங்கே ஜெனரேட்டர் தோற்பது

இரண்டு நிறத்தைக் கொடுத்தால் நடுவை நிரப்பித் தரும் ஜெனரேட்டர்கள் ஏராளம். ஏஸ்பிரைட்டில் பேலட்டில் இரண்டு முனைகளைத் தெரிந்து கிரேடியன்ட் என்று கொடுத்தால் உடனே தரும். ஹியூ வழியாகச் செய்யும் தெரிவும் பக்கத்திலேயே இருக்கிறது. பச்சை மாதிரி ஒரே சுற்றுக்குள் நிற்கும் ரேம்புக்கு இவை நல்ல ஆரம்பம் தரும். நானும் பாவிக்கிறேன்.

ஆனால் கல்லடிப் பாலத்திலிருந்து பார்க்கும் பின்னேர வாவியைக் கொடுத்துப் பாருங்கள். பாலத்தடித் தண்ணீர் இருண்ட நீலம், வானம் தெரியும் இடம் செம்மஞ்சள். நீலத்தையும் மஞ்சளையும் எடுத்து சிவப்பு, பச்சை, நீல எண்களின் சராசரியைக் கண்டால் என்ன வரும்? 0, 0, 255 உம் 255, 255, 0 உம் சேர்ந்து நடுவில் 128, 128, 128. அச்சொட்டான சாம்பல். ஹியூ வழியாகச் சுற்றச் சொன்னால் அது பச்சை வழியாகப் போகும். வாவி சாயத்தொட்டி ஆகிவிடும்.

இந்தச் சிக்கலைக் குறைக்க 2020 இல் பியோர்ன் ஓட்டொசன் என்ற சுவீடன்காரர் ஓகேலாப் என்றொரு முறையை வெளியிட்டார். சியலாப்பில் நீலத்தை வெள்ளையோடு கலக்கும்போது ஊதாவாகத் திரும்பும் ஒரு குறை உண்டு. இதில் அது பெரிதும் நீங்கியது. வெளிச்சமும் சீராக ஏறும். ஜெனரேட்டரில் ஓகேலாப் என்று தெரிவு இருந்தால் அதையே எடுங்கள். ஆனாலும் நீலத்திலிருந்து செம்மஞ்சளுக்கு எந்த வழியாகப் போவது என்ற முடிவை எந்தச் சூத்திரமும் உங்களுக்காக எடுக்காது. சூத்திரம் பாலத்தில் நின்று பார்த்ததில்லை.

நான் நின்று பார்த்ததில் நடுவில் இருப்பது செறிவு செத்த ஊதாவும் மங்கிய ரோசும். ஆகவே ஊதா வழியாகச் சுற்றி, சுற்றும் இடத்தில் செறிவைப் பாதியாக வெட்டினேன்:

முதற்படி: 190, 55, 22
இரண்டு: 212, 45, 38
மூன்று: 245, 25, 52
நாலு: 330, 24, 68
ஐந்து: 18, 38, 85
ஆறு: 56, 40, 95

மூன்றிலிருந்து நாலுக்கு ஹியூ 85 பாகை தாவுகிறது. செறிவு 25 அளவில் இருப்பதால் அந்தத் தாவல் கண்ணில் இடறாது. செறிவை 60 இல் வைத்து இதையே செய்து பாருங்கள், மிட்டாய்க் கடை மாதிரி இருக்கும். எல் எண்கள் 19, 31, 44, 60, 70, 92. கடைசியில் 22 தாவுவதை வேண்டுமென்றே விட்டேன். அலையின் முகட்டில் வெயில் பட்டு மினுங்குவது படிப்படியாக வருவதில்லை, சடாரென்று வரும்.

இந்த வரிசையின் முதலும் கடைசியும் எங்கேயோ பார்த்தது போல இருக்கிறதா? வயலின் அதே முனைகள். ஒரே வானமும் ஒரே வெயிலும் விழும் இடத்தில் எல்லாப் பொருளின் இருட்டும் ஒன்றையொன்று நெருங்கும், வெளிச்சமும் அப்படியே. மூன்று ரேம்புக்கு ஆறு படி என்றால் 18 நிறம். மூன்றும் முதற்படியையும் கடைசிப்படியையும் பகிர்ந்தால் 14. எண்ணிக்கை குறைவது ஒரு பக்கம், படம் முழுக்க ஒரே நேரத்தில் நடப்பது போலத் தெரிவதுதான் உண்மையான இலாபம். தோலின் 345 ஐ விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை, அதனால் என் பேலட்டில் பெரும்பாலும் 15 இருக்கும்.

பூரணை இரவில் மீன் பாடும் வாவியை வரைய விரும்புபவர்கள் இதே வரிசையை எடுத்து மேல் இரண்டு படிகளின் ஹியூவை 200 க்குக் கொண்டுபோய், செறிவை 15 க்கு இறக்கிப் பாருங்கள். மீதி உங்கள் காதைப் பொறுத்தது.

திரையையும் நம்ப முடியாது

ஒருமுறை சிறுவர் கதைப் புத்தகம் ஒன்றுக்கு அட்டைப்படம் செய்து கொடுத்தேன். அச்சாகி வந்தபோது பிள்ளைகளின் முகமெல்லாம் குளிரில் விறைத்த மாதிரி நீலம் பூத்திருந்தது. அச்சகத்தைத் திட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அதே படத்தை அம்மாவின் போனில் திறந்தேன். அங்கேயும் நீலம். என் போனில் மட்டும் அழகாக இருந்தது. இரவில் கண் வலிக்காமல் இருக்கத் திரையை மஞ்சளாக்கும் வசதி இருக்கிறதே, அது வாரக்கணக்காக எரிந்துகொண்டிருந்திருக்கிறது. திரை மஞ்சளாகத் தெரிந்ததால் நான் அறியாமலே ஒவ்வொரு படியிலும் நீலத்தைக் கூட்டியிருக்கிறேன்.

ஆகவே தொடங்குமுன் அந்த வசதியை அணையுங்கள். சில போன்களில் நிறத்தைக் கொழுப்பாகக் காட்டும் விவிட் என்ற தெரிவு இருக்கும், அதை நச்சுரல் என்று மாற்றுங்கள். பிரைட்னஸைத் தானாக மாற விடாதீர்கள். முற்றத்து வெயிலில் இருந்து ரேம்ப் செய்யாதீர்கள். முடிந்தால் இன்னொருவரின் போனில் ஒருதரம் பார்த்துவிடுங்கள்.

சேமிப்பது

படத்தின் மூலையில் கட்டங்களாக விட்டுவைத்தால் ஒருநாள் லேயரை அழிக்கும்போது பேலட்டும் போய்விடும். பேலட் பைலாகச் சேமியுங்கள். ஜிம்பின் ஜிபிஎல் வகையை கிரிட்டா, இங்க்ஸ்கேப், ஏஸ்பிரைட் எல்லாம் திறக்கும். அது வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடிலேயே எழுதலாம். முதல் வரியில் ஜிம்ப் பேலட் என்று ஆங்கிலத்தில் இருக்கவேண்டும். பிறகு ஒவ்வொரு வரியிலும் ஒரு நிறம்: சிவப்பு, பச்சை, நீலம் என்று 0 முதல் 255 வரை மூன்று எண்கள், நடுவில் இடைவெளி, கடைசியில் பெயர். வயலின் ஆறு படிகளுக்கும் எண்கள் இவை: 25 51 56, 37 92 73, 54 128 63, 101 168 67, 177 209 88, 242 236 145.

பெயர் வைக்கும் இடத்தில் "பச்சை ஒன்று, பச்சை இரண்டு" என்று எழுதாதீர்கள், ஆறு மாதம் கழித்து எது எதற்கென்று மறந்துபோகும். இடமும் நேரமும் எழுதுங்கள். என்னுடைய பைலில் நாலாம் நிறத்தின் பெயர் "படுவான்கரை நாற்று, ஐந்து மணி". அதற்குக் கீழே தங்கச்சி தானே எண்ணிப் போட்ட ஒரு வரி இருக்கிறது, ஹியூ, செறிவு, வேல்யூவில் சொன்னால் 220, 6, 93, கொக்கின் நிழல் பக்கத்துக்கு. வெள்ளைக் கொக்கின் நிழலுக்கு அவள் இந்தமுறை கறுப்பைத் தொடவில்லை.